பக்கத்து ஊரில் தொழிற்பூங்கா: எங்கள் ஊருக்கு என்ன உரிமை?

வாசகர் கேள்வி: எங்கள் ஊராட்சியில் ஏறத்தாழ 300 குடும்பங்கள் இருக்கின்றன. ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும்தான் பிழைப்பு. பக்கத்து ஊராட்சியில் அரசு தொழிற்பூங்கா அமைக்கப் போகிறது. எங்கள் எல்லைக்கும் அந்த இடத்துக்கும் இடையே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. எங்கள் ஏரிக்கு வரும் ஓடை அந்த நிலத்துக்குள்ளிருந்துதான் வருகிறது. ஆனால் எங்கள் ஊரில் ஒரு சென்ட் நிலமும் எடுக்கப்படவில்லை என்பதால், “உங்களைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை” என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் வேலை வரும் என்கிறார்கள். பெரியவர்கள் எதிர்க்க வேண்டும் என்கிறார்கள். ஊர் இரண்டுபட்டுக் கிடக்கிறது. கிராமசபையில் தீர்மானம் போட்டால் நிற்குமா? இப்போதே வழக்குப் போட வேண்டுமா?

சுற்றுச்சூழல் வழக்கறிஞரின் பதில்:

மதிப்பிற்குரிய வாசகருக்கு வணக்கம். உங்களைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்று சொன்ன அலுவலர் நிலம் எடுக்கும் சட்டத்தை மட்டும் மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார். அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். தமிழ்நாட்டில் தொழிற்பூங்காக்களுக்கான நிலம் பெரும்பாலும் 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின்படி எடுக்கப்படுகிறது. அதில் அறிவிப்பும் விசாரணையும் இழப்பீடும் நிலத்தின் உரிமையாளருக்கும் அந்த நிலத்தில் உரிமை கோருபவருக்கும் உரியவை. நிலம் போகாத ஊருக்கு அங்கே இடமில்லை. ஆனால் ஒரு தொழிற்பூங்கா எழும்புவதற்கு நிலம் மட்டும் போதாது. சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். அந்த அனுமதியை ஆளும் சட்டம், யாருடைய நிலம் போகிறது என்று கேட்பதில்லை. யாருடைய நீரும் காற்றும் வாழ்வாதாரமும் பாதிக்கப்படும் என்றுதான் கேட்கிறது. உங்கள் உரிமை முழுவதும் இந்த இரண்டாவது சட்டத்தில் இருக்கிறது.

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2006 செப்டம்பர் 14 அன்று நடுவண் அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் உங்களுக்கு அடிப்படை ஆவணம். அதன்படி, அனுமதி தேவைப்படும் திட்டத்துக்கு முதலில் ஆய்வு வரம்புகள் வகுக்கப்பட வேண்டும்; பிறகு மதிப்பீட்டு அறிக்கை தயாராக வேண்டும்; அதன்மேல் மக்களின் கருத்துக் கேட்கப்பட வேண்டும்; அதற்கும் பிறகுதான் நிபுணர் குழு பரிசீலிக்க முடியும். அறிக்கைக்கான ஆய்வுப் பரப்பு வழக்கமாகத் திட்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வரை எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் உங்கள் ஊர் அந்தப் பரப்பின் விளிம்பில்கூட இல்லை, நடுவில் இருக்கிறது. ஆகவே கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசுவதற்கும், எழுத்தில் ஆட்சேபம் தருவதற்கும் உங்களுக்குள்ள உரிமை பக்கத்து ஊராரின் உரிமைக்கு எந்த வகையிலும் குறைந்ததன்று.

எல்லைக்கு வெளியே நடப்பதைக் குறித்து எல்லைக்குள் இருப்பவர்கள் கேள்வி எழுப்பி வென்றதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்த இடம் திருப்பூர். அதனால் பாசனத்தை இழந்தவர்கள் ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஈரோடு, கரூர் மாவட்டங்களில் இருந்த உழவர்கள். பாசனத்துக்காகக் கட்டிய அணையில் தேங்கிய நீரைத் திறந்துவிடாதீர்கள் என்று அந்த உழவர்களே கேட்க வேண்டிய நிலை வந்தது. அவர்களுடைய ஆயக்கட்டுதாரர் சங்கம்தான் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. ‘உங்கள் ஊரில் சாயப்பட்டறை இல்லையே’ என்று எந்த நீதிமன்றமும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. 2011 ஜனவரியில், கழிவுநீரை வெளியேற்றாத நிலையை எட்டும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அந்த உத்தரவு வருவதற்குள் ஆறும் நிலமும் கெட்டுப்போய்விட்டன. நீங்கள் ஆலை வருவதற்கு முன்பே எழுதியிருக்கிறீர்கள். அந்த உழவர்களுக்குக் கிடைக்காத காலம் உங்கள் கையில் இருக்கிறது. கீழே நான் சொல்பவை எல்லாம் அந்தக் காலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றியவைதான்.

முதலில், வரப்போவது எத்தகைய பூங்கா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளுங்கள். அறிவிக்கையின் பட்டியலில் தொழிற்பூங்காக்களுக்கென்று தனி இனம் இருக்கிறது. பரப்பு 500 ஹெக்டேருக்குக் குறைவாக இருந்து, அனுமதி தேவைப்படுபவை என்று அறிவிக்கையில் ‘அ’, ‘ஆ’ வகைகளாகப் பட்டியலிடப்பட்ட தொழில்கள் எதுவும் அதற்குள் வராது என்றால், பூங்காவுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவைப்படாது; கருத்துக் கேட்பும் நடக்காது. அப்படிப்பட்ட பூங்காவில் ஆலைகள் தனித்தனியாக மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையைப் பெற்றால் போதும். மாறாக, மருந்து மூலப்பொருள், சாயம், தோல் பதனிடுதல் போன்ற தொழில்களுக்கும் இடம் ஒதுக்கப்படுகிறது என்றால் நிலைமை வேறு. அப்போது பூங்காவுக்கு அனுமதி வேண்டும், கருத்துக் கேட்பும் வேண்டும்.

இந்த இடத்தில் பல ஊர்கள் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு விதி இருக்கிறது. முறையாக அனுமதி பெற்ற தொழிற்பூங்காவுக்குள், அங்கே அனுமதிக்கப்பட்ட தொழில் ஒன்று பிற்பாடு வந்தால், அந்த ஆலைக்கென்று தனியாகக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டியதில்லை என்று அதே அறிவிக்கை விலக்கு அளிக்கிறது. பூங்காவுக்கான கூட்டத்தில் ‘இது வெறும் காலி மனைதானே, எந்த ஆலை வருகிறது என்று தெரிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்று பேசாமல் இருந்துவிட்டு, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து இரசாயன ஆலை வந்து நிற்கும்போது பேச மேடை இல்லாமல் போன ஊர்கள் உண்டு. பூங்காவுக்கான கூட்டத்தையே உங்களுக்குக் கிடைக்கும் ஒரே கூட்டமாகக் கருதுங்கள். எந்தெந்த வகைத் தொழில்கள் வரலாம், எவை வரக்கூடாது என்பதை அந்தக் கூட்டத்திலேயே கேட்டு, பதிலைப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும்.

விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பார்க்கலாம். விண்ணப்பப் படிவம், ஆய்வு வரம்புகள், வரைபடங்கள் ஆகியவை அங்கே பதிவேற்றப்படுகின்றன. இணையத்தில் கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அரசின் தொழிற்பூங்காக்களை அமைக்கும் சிப்காட் நிறுவனத்திடமும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடமும் தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ‘திட்டம் பற்றிய எல்லா விவரங்களும் வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகவே வரும். நிலத்தின் புல எண் பட்டியல், தொழில் வகைகளின் உத்தேசப் பட்டியல், நாளொன்றுக்கு எவ்வளவு நீர் தேவை, அந்த நீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும், ஓடையை என்ன செய்யப் போகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

இனி, இந்தக் கடிதத்தில் நான் எதற்கு அதிக அழுத்தம் தர விரும்புகிறேனோ அதற்கு வருகிறேன். இன்று உங்கள் ஊரின் நீர் எப்படி இருக்கிறது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்துக் கிணறு உப்பாகிவிட்டது என்று நீங்கள் சொல்லும்போது, எதிர்த்தரப்பு எழுப்பும் முதல் கேள்வி, ‘முன்பு நன்றாக இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்பதுதான். இயற்கையிலேயே இந்தப் பகுதியில் உப்பு அதிகம் என்பார்கள். உரம் அதிகமாகப் போட்டதால் நைட்ரேட் வந்தது என்பார்கள். ஊர் முழுக்கச் சாட்சி சொன்னாலும், ஆலை வருவதற்கு முந்தைய ஓர் ஆய்வறிக்கைக்கு அது ஈடாகாது.

திண்டுக்கல் பகுதியில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். தோல் பதனிடும் ஆலைகளால் நிலத்தடி நீர் கெடுவதைக் கண்ட தன்னார்வக் குழு ஒன்று, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களுக்குப் போய்க் கிணறுகளைக் கணக்கெடுத்தது. குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் மாசுபட்டிருந்தன. பாலாற்றுப் படுகையின் தோல் ஆலைகள் தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இந்தக் கணக்கு அப்படியே இடம்பெற்றது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பதும், தீங்கு நேரக்கூடும் என்றால் அறிவியல் முழுமையாக உறுதிசெய்யும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. கிணறு கிணறாகப் போய்க் குறித்துவந்தவர்களின் உழைப்புக்கு அந்தத் தீர்ப்பில் இடம் கிடைத்தது. கிணறுகள் கெட்டுப்போன பிறகுதான் அவர்கள் எண்ண நேர்ந்தது. நீங்கள் கெடுவதற்கு முன்பே எண்ணுகிறீர்கள் என்பதால் உங்கள் பதிவேட்டின் மதிப்பு அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

செய்முறை எளிதுதான், ஒழுங்கு மட்டும் தவறக்கூடாது. ஒரு பெரிய நோட்டில் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். புல எண், உரிமையாளர் பெயர், கிணற்றின் ஆழம், எத்தனை ஏக்கர் பாய்கிறது, என்ன பயிர், மோட்டார் எத்தனை குதிரைத்திறன், கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை, காலையில் மோட்டார் போடுவதற்கு முன், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கித் தரைமட்டத்திலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று அளந்து தேதியுடன் எழுதுங்கள். அளந்தவரும் உடனிருந்த ஒருவரும் கையொப்பம் இடட்டும். எல்லாக் கிணறுகளின் நீரையும் ஆய்வுக்கு அனுப்புவது செலவு. ஓடையை ஒட்டி மூன்று, ஏரிக்குக் கீழே ஆயக்கட்டில் மூன்று, ஊரின் குடிநீர் ஆதாரம், பூங்காவுக்கு எதிர்த்திசையில் ஒன்று என்று தேர்ந்தெடுத்தால் போதும். எதிர்த்திசைக் கிணறு எதற்கென்றால், பிற்காலத்தில் ஊர் முழுவதும் நீர் கெட்டதா, பூங்கா இருக்கும் பக்கம் மட்டும் கெட்டதா என்பதை அதுதான் காட்டும்.

மாவட்டந்தோறும் குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. கார அமிலநிலை, கரைந்த திடப்பொருள், கடினத்தன்மை, குளோரைடு, சல்பேட், நைட்ரேட், ஃபுளோரைடு ஆகியவற்றை அங்கே பார்க்கலாம். குரோமியம், ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களுக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றை நாட வேண்டியிருக்கலாம். அதற்கான மாதிரியில் அமிலம் சேர்த்து வைக்க வேண்டும் என்பதால், புட்டியை ஆய்வகத்திடமிருந்தே வாங்குங்கள். மழைக்கு முன் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்த பின் ஒரு முறை எடுங்கள். முடிவு வந்ததும் இந்தியத் தரநிலை 10500 உடன் ஒப்பிட்டுப் பாருங்கள்: கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, மாற்று ஆதாரம் இல்லாதபோது 2,000 வரை, நைட்ரேட் 45, குரோமியம் 0.05. சில அளவுகள் இப்போதே வரம்பை மீறியிருக்கலாம். அதை மறைக்காதீர்கள். உண்மையான தொடக்கநிலை எதுவோ அதுவே பிற்பாடு உங்களைக் காக்கும். சாதகமான முடிவுகளை மட்டும் வைத்துக்கொண்டால் குறுக்கு விசாரணையில் முழுப் பதிவேடும் மதிப்பிழக்கும்.

ஓடை விஷயத்துக்கும் இதே அக்கறை வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் இரு ஊர்களின் கிராம வரைபடம், ‘அ’ பதிவேடு, ஓடை செல்லும் புல எண்களின் புலப்பட நகல் ஆகியவற்றைச் சான்றிட்ட நகல்களாக இப்போதே வாங்கிவிடுங்கள். ஓடை, வண்டிப்பாதை, மேய்ச்சல் நிலம் என்று எதெல்லாம் புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறது என்பது அதில் தெரியும். உங்கள் ஏரியின் ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் அது நீர்வளத் துறையின் பொறுப்பு. குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. எதுவாக இருந்தாலும், ‘எங்கள் ஏரியின் வரத்து இந்தப் புல எண்கள் வழியாக வருகிறது, பூங்காவுக்காக ஓடையைத் திருப்பவோ மூடவோ உத்தேசம் உண்டா?’ என்று அந்த அலுவலகத்துக்கு எழுதி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். 2023ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம், நீர்நிலைகள் உள்ளடங்கிய பெரும் பரப்புகளை, அதாவது 100 ஹெக்டேருக்குக் குறையாதவற்றை, சிறப்புத் திட்டத்துக்காக ஒருங்கிணைக்க அரசுக்கு வழி செய்கிறது. உங்கள் பக்கத்துப் பூங்கா அந்தச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். ஏரியின் கலங்கல், மதகு, வரத்துக் கால்வாய் ஆகியவற்றை மழைக்காலத்தில் நீர் ஓடும்போதே நாள் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். கோடையில் மட்டும் படம் எடுத்துவிட்டு, ‘இங்கே ஓடையே இல்லை, வறண்ட பள்ளம்தான்’ என்று எழுதிய அறிக்கைகளை நான் படித்திருக்கிறேன்.

மதிப்பீட்டு அறிக்கையின் வரைவும், தமிழில் அதன் சுருக்கமும் கூட்டத்துக்கு முன்பே மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், சம்பந்தப்பட்ட உள்ளாட்சி அலுவலகங்கள் ஆகிய இடங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். தமிழ்ச் சுருக்கம் சில பக்கங்கள்தான் இருக்கும். அதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆங்கில அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஓடும். ஊரிலுள்ள பட்டதாரிப் பிள்ளைகள் நாலைந்து பேரிடம் பிரித்துக் கொடுத்தால் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்கள். எதைத் தேட வேண்டும் என்றால், முதலில் ஆய்வு நடந்த மாதங்கள்: பெரும்பாலும் ஒரு பருவத்தின் மூன்று மாதங்கள் மட்டுமே அளந்திருப்பார்கள். தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் அளந்திருந்தால், வடகிழக்குக் காற்றின்போது புகை யார் வீட்டுப் பக்கம் வரும் என்பதற்கு அதில் விடை இராது. அடுத்து, நீர் மாதிரி எடுத்த இடங்கள்: உங்கள் ஊரின் பெயர் பட்டியலில் இருக்கிறதா, அவர்கள் தந்துள்ள அட்சரேகை, தீர்க்கரேகையைக் கைப்பேசியில் இட்டுப் பார்த்தால் உண்மையில் உங்கள் ஊரைத்தான் காட்டுகிறதா என்று பாருங்கள். நிலப் பயன்பாட்டுப் பகுதியில் உங்கள் நஞ்சை தரிசு என்று எழுதப்பட்டிருக்கிறதா, ஏரியின் பெயர் எங்கேனும் வருகிறதா என்றும் பாருங்கள். கழிவுநீரைத் துளியும் வெளியே விடமாட்டோம் என்று எழுதியிருந்தால், நீரை ஆவியாக்கிய பின் மிஞ்சும் உப்பு எங்கே போகும் என்று கேளுங்கள். திருப்பூரில் அந்த உப்பு மூட்டைகள் மலைபோல் தேங்கியது எல்லோரும் அறிந்ததே.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாட்கள் முன்னதாக, நாடளாவிய நாளேடு ஒன்றிலும் தமிழ் நாளேடு ஒன்றிலும் அறிவிப்பு வர வேண்டும். கூட்டத்தை மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும். மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியாகக் கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அலுவலரோ தலைமை தாங்குவார். முழுக் கூட்டமும் காணொளியாகப் பதிவாக வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் கிடையாது. எனவே கோபத்தில் புறக்கணித்துவிட்டு வெளியேறுவதால் கூட்டம் செல்லாததாகிவிடாது. உங்கள் குரல் மட்டுமே பதிவில் இல்லாமல் போகும். நான் சென்ற பல கூட்டங்களில் நடந்தது இதுதான்: முதல் இரண்டு மணி நேரம் கூச்சல், பிறகு ஒரு பகுதியினர் முழக்கமிட்டபடி வெளிநடப்பு, அதன்பின் காலி நாற்காலிகளுக்கு முன்னால் அலுவலர் ஒருவர் நடவடிக்கைக் குறிப்பைப் படித்து முடிப்பார். அந்தக் குறிப்பைக் கூட்டத்தின் இறுதியில் உள்ளூர் மொழியில் எல்லோர் முன்னிலையிலும் படித்து விளக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் சேர்க்கச் சொல்வதற்கு அதுவே தருணம். கடைசிவரை இருக்கக்கூடிய பத்துப் பேரை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

பேசுபவர்கள் ஒரே கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஓடையைப் பற்றி ஒருவர், கிணற்றுப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் சாலையில் ஓடப்போகும் லாரிகளைப் பற்றி ஒருவர், ஆடு மாடு மேய்க்கும் பெண்கள் சார்பில் ஒருவர் என்று பேசுங்கள். ஒவ்வொருவரும் பேசியதை எழுத்திலும் கொடுத்து முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். எழுப்பப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இறுதி அறிக்கையில் பதில் இருக்க வேண்டும் என்பதால், ‘எங்களுக்கு வேண்டாம்’ என்ற ஒற்றை வாக்கியத்தைவிட, பதில் சொல்லியே ஆக வேண்டிய 20 கேள்விகள் பயன் தரும்.

கிராமசபைத் தீர்மானம் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், அது திட்டத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் கொண்டதன்று. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் 12 கிராமசபைகள் சுரங்கத்தை நிராகரித்ததும், அது நின்றதும் பலருக்கு நினைவிருக்கும். அங்கே வன உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பழங்குடி மக்களின் உரிமைகளை முடிவு செய்யும் பொறுப்பை 2013இல் உச்ச நீதிமன்றமே கிராமசபைகளிடம் ஒப்படைத்தது. தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகள் இல்லை. உங்கள் நிலம் வனமும் இல்லை. ஆனால் தடுக்கும் அதிகாரம் இல்லை என்பதால் தீர்மானம் வீண் என்று எண்ணிவிடக் கூடாது. நிபுணர் குழுவின் முன்னும், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன்னும், இது நாலு பேரின் தனிப்பட்ட ஆட்சேபமன்று, ஊரின் முடிவு என்பதைக் காட்டும் ஆவணம் அதுதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் சபைகளில் ஏதேனும் ஒன்றில் நிறைவேற்றுங்கள். உங்கள் ஊரைப் போல 501 முதல் 3,000 பேர் வரை வாழும் ஊராட்சிக்குக் குறைந்தது 100 பேர் வந்திருக்க வேண்டும். வருகைக் கையொப்பம் சரியாக இருக்கட்டும். தீர்மானத்தில் ஏரியின் பெயர், ஓடையின் புல எண்கள், ஆயக்கட்டுப் பரப்பு, குடிநீர்க் கிணறுகள், ஊரின் கோரிக்கைகள் எல்லாம் இருக்க வேண்டும். பூங்காவின் குழாயோ சாலையோ உங்கள் ஊராட்சி எல்லை வழியாகச் செல்ல வேண்டியிருந்தால், தடையின்மைச் சான்று கேட்டு வருவார்கள். அதைச் சபையில் வைக்காமல் தலைவர் தனியாகக் கையொப்பமிட வேண்டாம் என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஊர் இரண்டுபட்டுக் கிடப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வேலை வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளை ஊருக்கு எதிரானவர்களாகப் பார்க்காதீர்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரிப் பாசனத்தை நம்பிக் கடனாளியான குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது: தனியார் ஆலை பக்கத்து ஊராருக்கு வேலை தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. ஊருக்குள் வந்து வாய்மொழியாகச் சொல்லும் உறுதிக்கு எந்த மதிப்பும் கிடையாது. அதே உறுதியைக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கேட்டு, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றி, சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தில் செலவுத் தொகையோடும் காலக்கெடுவோடும் எழுத வைத்தால், பிறகு அது அனுமதியின் நிபந்தனையாகக் கேட்கக்கூடியதாகிறது. தொழிற்பயிற்சி, உங்கள் எல்லைப் பக்கம் மரவளையம், ஓடையை அதன் அகலம் குறையாமல் விட்டுவைத்தல், எல்லையில் நீர் கண்காணிப்புக் கிணறுகள், அவற்றின் முடிவை மாதந்தோறும் ஊராட்சிப் பலகையில் ஒட்டுதல் ஆகிய எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கேளுங்கள். அதிக மாசு தரும் சிவப்பு வகைத் தொழில்கள் உங்கள் ஓடையை ஒட்டிய மனைகளில் வரக்கூடாது என்பது அந்தப் பட்டியலின் முதல் வரியாக இருக்கட்டும். திட்டமே வேண்டாம் என்பவர்களும் இந்தப் பட்டியலில் கையொப்பமிடலாம். திட்டம் வந்துவிட்டால் அவர்களுடைய வயலுக்கும் இதுதான் காப்பு. ‘இவற்றைக் கேட்பதால் திட்டத்துக்கு ஊர் சம்மதித்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது’ என்ற வாக்கியத்தை மட்டும் மேலே எழுதிவிடுங்கள்.

வழக்கைப் பொறுத்தவரை, இன்றைய நிலையில் வேண்டாம் என்பதே என் கருத்து. அனுமதி வழங்கப்படாத திட்டத்துக்கு எதிராகப் போனால், முன்கூட்டியே வந்துவிட்டீர்கள் என்று திருப்பி அனுப்பும் வாய்ப்பே அதிகம். ஒரு விதிவிலக்கு உண்டு. சுற்றுச்சூழல் அனுமதி பெறுவதற்கு முன், நிலத்தைப் பாதுகாக்க வேலி போடுவது போன்றவற்றைத் தவிர, நிலத்தைச் சமன் செய்வது உட்பட எந்தப் பணியும் தொடங்கக் கூடாது. நாளைக்கே பொக்லைன் வந்து ஓடையில் மண் தள்ளினால் அன்றைக்கே படமெடுத்து, ஆட்சியருக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும் மனு அனுப்பிவிட்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகலாம்.

அனுமதி வழங்கப்பட்டுவிட்டால் மேல்முறையீட்டுக்கான காலம் மிகக் குறுகியது. 2010ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்கள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள். அதற்கு மேல் ஒரு நாள் தாமதமானாலும் தீர்ப்பாயத்துக்கே அதை மன்னிக்கும் அதிகாரம் இல்லை. அனுமதி கிடைத்த செய்தியை நிறுவனம் நாளேடுகளில் விளம்பரமாக வெளியிட வேண்டும். அந்தச் சிறு விளம்பரம் கண்ணில் படாமல் காலக்கெடுவை இழந்தவர்கள் ஏராளம். பரிவேஷ் தளத்தை வாரம் ஒரு முறை திறந்து பார்க்கும் பொறுப்பை ஊரில் ஒருவருக்குக் கொடுங்கள். இழப்பீடு கோராத மனுவுக்கான கட்டணம் 1,000 ரூபாய்தான். செலவு பெரும்பாலும் ஆவணங்களுக்கும் பயணத்துக்கும் வழக்கறிஞருக்கும் ஆகும். மகளிர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளோர் ஆகியோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கோரலாம் என்பதால், மனுதாரர் யாராக இருப்பது என்று யோசிக்கும்போது அதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

பூங்கா வந்தே விட்டாலும் பதிவேட்டை மூடிவிடாதீர்கள். அனுமதி பெற்றவர்கள் நிபந்தனைகளைப் பின்பற்றிய விவரத்தை ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அறிக்கையாகத் தர வேண்டும். அது பொது ஆவணம். கடலூர் சிப்காட் வளாகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் 2004 முதல் மக்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்று, எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து, என்ன மாதிரியான நாற்றம் வந்தது என்று குறித்து வைத்தார்கள்; வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ‘எப்போதும் நாற்றமடிக்கிறது’ என்று சொல்லும்வரை அசையாத அலுவலகம், தேதியும் நேரமும் காற்றின் திசையும் எழுதிய தாளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த வாரம் தொடங்க வேண்டியவை இரண்டு: தகவல் உரிமை மனு, கிணற்று நோட்டு. மனுவின் வரைவையும் தீர்மானத்தின் வரைவையும் எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன். நீர் மாதிரியை மட்டும் அதற்காகக் காத்திராமல், மழை தொடங்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.